பிளக்கைப் பிறகு பார்க்கலாம், முதலில் லேபிளைப் பாருங்கள்: வெளிநாடு புறப்படும் கொங்கு வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் என எந்த ஊர் எலக்ட்ரிகல் கடையில் சிறிது நேரம் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும்: "பையன் லண்டன் போகிறான், அந்த ஊர் பிளக் இருக்கிறதா?" கடைக்காரர் ஓர் அடாப்டரை எடுத்துக் கொடுப்பார். வாங்கியவர் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவார்.

சாக்கெட்டின் வடிவம் கடைசியாகப் பார்க்க வேண்டியது. அதற்கு முன் அந்த நாட்டின் வோல்டேஜ் எவ்வளவு, பொருள் எத்தனை வாட்ஸ் இழுக்கிறது, அதற்கு எர்த் தேவையா என்ற மூன்றும் தெரிய வேண்டும். இவை தெரிந்துவிட்டால் பிளக்கைத் தேர்வு செய்வது ஐந்து நிமிட வேலை. தெரியாமல் வாங்கினால், பிளக் அழகாகப் பொருந்தும், பொருள் கருகும். மோட்டாரும் ஒயரிங்கும் என் தொழில் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன்: அடாப்டர் என்பது பின்னின் வடிவத்தை மட்டும் மாற்றும். வோல்டேஜை மாற்றாது. பலர் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

முதல் வேலை: பொருளைக் கவிழ்த்துப் பாருங்கள்

சார்ஜர் என்றால் அதன் மேலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். மிக்ஸி, கிரைண்டர் என்றால் அடிப்பக்கத்தில் தகடோ ஸ்டிக்கரோ இருக்கும். எழுத்து கண்ணுக்கு எட்டாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். "இன்புட்" என்ற சொல்லுக்கு எதிரே உள்ள எண்கள்தான் வேண்டும்.

அங்கே "100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்று இருந்தால் கவலை இல்லை. ஹெர்ட்ஸ் என்பது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு. எந்த நாட்டு வீட்டு மின்சாரத்திலும் அது ஓடும். பின்னுக்குப் பொருத்தமான அடாப்டர் போதும். செல்போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர், கேமரா சார்ஜர் ஆகியவை பெரும்பாலும் இந்த வகை. சவரம் செய்யும் டிரிம்மர்கள் பலவும் இப்படித்தான்.

"230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்" என்று ஒற்றை எண்ணாக இருந்தால் அது நம் ஊர் மின்சாரத்துக்காக மட்டும் செய்யப்பட்டது. மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, கெட்டில், ரைஸ் குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு, தண்ணீர் காய்ச்சும் ஹீட்டர் ராடு எல்லாம் இதில் சேரும். தலைமுடி உலர்த்தும் டிரையர் சிலவற்றில் "110/220" என்று போட்டு ஒரு சிறிய தள்ளு ஸ்விட்ச் வைத்திருப்பார்கள். அது தானாக மாறாது. போகும் நாட்டுக்கு ஏற்றபடி நாம்தான் தள்ளி வைக்க வேண்டும். ஊர் திரும்பியதும் மறக்காமல் பழைய இடத்துக்குத் தள்ள வேண்டும்.

அதே லேபிளில் வாட்ஸையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு சிறு கட்டத்துக்குள் இன்னொரு கட்டம் வரைந்த குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்தப் பொருளுக்கு இரட்டைக் காப்பு (மின்சாரம் வெளியே கசியாதபடி இரண்டு அடுக்குத் தடுப்பு) உண்டு, எர்த் தேவையில்லை. அந்தக் குறி இல்லாமல் மூன்று பின் பிளக்கோடு வந்த பொருளுக்கு எர்த் கட்டாயம் வேண்டும்.

போகும் நாடு எந்தப் பக்கம்?

நம் வீட்டில் இருப்பது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிரிட்டன், அயர்லாந்து, ஐரோப்பிய நாடுகள், சிங்கப்பூர், மலேசியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், ஓமன், குவைத், பஹ்ரைன் ஆகிய இடங்களிலும் ஏறத்தாழ இதே மின்சாரம்தான். 220, 230, 240 என்று எண் சற்று மாறலாம். நம் பொருளுக்கு அது பொருட்டில்லை. இந்த நாடுகளுக்குப் போகிறவர்களுக்குப் பிளக் மட்டுமே பிரச்சினை.

அமெரிக்காவும் கனடாவும் வேறு. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் இன்னும் குறைவு, 100 வோல்ட். அதிலும் டோக்கியோ இருக்கும் கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா இருக்கும் மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸ். மின்சாரம் புதிதாக வந்த காலத்தில் ஒரு பக்கம் ஜெர்மனியிலிருந்தும் மறுபக்கம் அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் வாங்கியதால் ஏற்பட்ட பிளவு அது, இன்றுவரை சேரவில்லை. தைவானில் 110 வோல்ட். தென் கொரியாவில் 220 வோல்ட்தான், ஆனால் 60 ஹெர்ட்ஸ்.

சவூதி அரேபியாவைத் தனியாகச் சொல்ல வேண்டும். வளைகுடா என்றாலே துபாயைப் போலத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போகிறார்கள். இப்போது அங்கே 230 வோல்ட் என்றாலும் அலைவெண் 60 ஹெர்ட்ஸ். சில பழைய கட்டடங்களில் 127 வோல்ட் சாக்கெட்டும் இருக்கலாம். தங்கும் அறையில் எது இருக்கிறது என்று முன்பே அங்கே இருப்பவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கிரைண்டரும் மிக்ஸியும்

நம் பக்கத்தில் வெளிநாடு என்றால் பெட்டியில் கிரைண்டர் இல்லாமல் முடியாது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள். 1932-இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த பிறகு பஞ்சாலைகளும், அவற்றைச் சுற்றி மோட்டார், பம்ப் பட்டறைகளும் பெருகிய ஊர் இது; கிரைண்டர் இங்கே உருவானதில் வியப்பில்லை. இட்லிக்கும் சந்தகைக்கும் மாவு ஆட்டிப் பழகிய கை, பிளெண்டரில் அரைத்த மாவை ஏற்பதில்லை. அதனால் கிரைண்டரைக் கொண்டு போவதில் தவறே இல்லை. எந்தக் கிரைண்டர் என்பதுதான் கேள்வி.

கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். வோல்டேஜ் பாதியானால் அதன் இழுவிசை பாதியாகக் குறைவதில்லை, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடும். வோல்டேஜ் இறங்கிய நாளில் கிணற்று மோட்டார் ஓடாமல் உறுமிக்கொண்டு நிற்பதைக் கேட்ட விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 120 வோல்ட்டில் நம் கிரைண்டரைச் செருகினால் அதுவேதான் நடக்கும். கல் சுற்றாது, மோட்டார் உறுமும், காயில் சூடேறிப் புகையும். அரிசி குறைவாகப் போட்டாலும் பயனில்லை.

அமெரிக்கா, கனடா போகிறவர்கள் கோயம்புத்தூரிலேயே 110 வோல்ட் கிரைண்டரைக் கேட்டு வாங்குங்கள். ஏற்றுமதிக்கென்று செய்கிறார்கள். முன்கூட்டிச் சொன்னால் கடைக்காரர் வரவழைத்துத் தருவார். வாங்கும்போது அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல், மோட்டாரின் அடியில் உள்ள தகட்டில் "110" அல்லது "120 வோல்ட்", "60 ஹெர்ட்ஸ்" என்ற இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்க மூன்று பின் பிளக் ஒயரோடு சேர்ந்தே வார்க்கப்பட்டு வந்தால் நல்லது. அதைக் கடையில் நம் சாக்கெட்டில் செருகி ஓட்டிக் காட்டச் சொல்லாதீர்கள். 110 வோல்ட் மோட்டார் 230-இல் தாங்காது. டிரான்ஸ்பார்மர் வைத்திருக்கும் கடை என்றால் அதில் போட்டுக் காட்டுவார்கள். கூடவே மாற்று பெல்ட் ஒன்றை வாங்கிப் பெட்டியில் போடுங்கள். பெல்ட் அறுந்தால் அங்கே அதே அளவு தேடுவது கடினம். உத்தரவாதம் வெளிநாட்டிலும் செல்லுமா என்று பில் போடும் முன் கேட்டுவிடுங்கள்.

துபாய், சிங்கப்பூர், லண்டன், சிட்னி என்றால் வீட்டில் இருக்கும் சாதாரணக் கிரைண்டரே போதும். சவூதியில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் மோட்டார் இங்கே ஓடுவதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுற்றும், இழுவிசை சற்றுக் குறையும். ஓட்டலாம். ஆனால் கொள்ளளவுக்கு நிரப்பாமல் ஆட்டுங்கள், மோட்டார் சூட்டைத் தொட்டுப் பாருங்கள்.

மிக்ஸியின் மோட்டார் வேறு வகை. கார்பன் பிரஷ் வைத்தது. அதற்கு ஹெர்ட்ஸ் பொருட்டில்லை, வோல்டேஜ் மட்டும் சரியாக இருக்க வேண்டும். ஆகவே சவூதியிலும் கொரியாவிலும் நம் மிக்ஸி நன்றாக ஓடும். அமெரிக்காவில் சோர்வாகச் சுற்றும், தேங்காய்கூட அரையாது. மிக்ஸியிலும் 110 வோல்ட் மாடல்கள் கிடைக்கின்றன.

"டிரான்ஸ்பார்மர் வாங்கிக்கொள்ளலாமே" என்று சிலர் கேட்பார்கள். வாங்கலாம். 120-ஐ 230 ஆக உயர்த்தும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர் அங்கேயே கிடைக்கும். ஆனால் மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். 150 வாட்ஸ் கிரைண்டருக்கு 500 வாட்ஸாவது தாங்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும். 750 வாட்ஸ் மிக்ஸிக்கு 1,500 வாட்ஸுக்குக் குறையாமல் வேண்டும். அது சமையல் மேடையில் இடத்தை அடைத்துக்கொள்ளும் கனமான இரும்புப் பெட்டி. டிரான்ஸ்பார்மர் ஹெர்ட்ஸை மாற்றாது என்பதையும் மனதில் வையுங்கள். கையடக்கமாக, எடை இல்லாமல், "2,000 வாட்ஸ் கன்வெர்ட்டர்" என்று விற்கும் பொருட்களை மோட்டாருக்கோ எலக்ட்ரானிக் பொருளுக்கோ பயன்படுத்தவே கூடாது. அவற்றில் பல வெறும் சூடேற்றும் பொருட்களுக்காகச் செய்யப்பட்டவை.

சூடேற்றும் பொருட்களை விட்டுவிட்டுப் போங்கள்

இஸ்திரிப் பெட்டி, கெட்டில், ஹீட்டர் ராடு ஆகியவற்றுக்குப் பெட்டியில் இடம் ஒதுக்குவது வீண் என்பது என் உறுதியான கருத்து. 1,000 வாட்ஸ் இஸ்திரிப் பெட்டியை 120 வோல்ட்டில் செருகினால் சுமார் 270 வாட்ஸ்தான் கொடுக்கும். பாதி வோல்டேஜுக்குக் கால்வாசிச் சூடு. எரியாது, ஆபத்தில்லை, ஆனால் காட்டன் சட்டைச் சுருக்கம் போகாது. 230 வோல்ட் நாடுகளில் வேலை செய்யும் என்றாலும், கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும் அங்கே எந்தச் சூப்பர் மார்க்கெட்டிலும் அந்த ஊர் பிளக்கோடே கிடைக்கும்.

மாணவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பிரிட்டனில் பல பல்கலைக்கழக விடுதிகள், சோதித்துச் சான்று ஒட்டாத மின் பொருட்களை அறையில் வைக்க விடுவதில்லை. ரைஸ் குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு போன்றவற்றை அறைக்குள் தடைசெய்யும் விடுதிகள் ஏராளம். ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகும் கட்டை அடாப்டர்களுக்கும் தடை உண்டு. விடுதியின் விதிமுறைகளை மின்னஞ்சலில் அனுப்பியிருப்பார்கள். ரைஸ் குக்கர் வாங்கும் முன் அதைப் படித்துவிடுங்கள். ஹீட்டர் ராடு எந்த நாட்டுக்கும் வேண்டாம்.

இப்போது பிளக்கின் வடிவம்

உலகில் வீட்டுப் பிளக்குகளை டைப் ஏ முதல் டைப் ஓ வரை 15 வகையாகப் பிரித்திருக்கிறார்கள். நம் ஊரின் சிறிய மூன்று பின், அதாவது 6 ஆம்பியர் பிளக், டைப் டி. கீஸருக்கும் ஏசிக்கும் போடும் பெரிய 16 ஆம்பியர் பிளக், டைப் எம். இரண்டு உருண்டைப் பின் கொண்டது டைப் சி. டைப் டி-யும் எம்-மும் பிரிட்டன்காரர்களின் பழைய அளவுகள். அவர்கள் 1947-இல் புதிய சதுரப் பின் பிளக்குக்கான தரத்தை வெளியிட்டு மெல்ல அதற்கு மாறிவிட்டார்கள், நாம் பழையதிலேயே தொடர்கிறோம். தென்னாப்பிரிக்காவிலும் நம் பெரிய பிளக் புழக்கத்தில் இருப்பது இதனால்தான். நேபாளத்திலும் இலங்கையிலும் நம் சிறிய மூன்று பின்னைப் பார்க்கலாம். இலங்கையில் சதுரப் பின்னும் பரவலாக இருப்பதால் ஓர் அடாப்டர் கையில் இருக்கட்டும்.

பிரிட்டன், அயர்லாந்து, சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், வளைகுடா நாடுகள் அனைத்துக்கும் ஒரே விடைதான்: டைப் ஜி. மூன்று தடித்த சதுரப் பின். கோயம்புத்தூரிலிருந்து நேராக சார்ஜாவுக்கோ சிங்கப்பூருக்கோ விமானம் ஏறுகிறவர்களுக்கு இது ஒன்றே போதும். இந்தப் பிளக்கின் உள்ளேயே ஒரு பியூஸ் இருக்கும். 700 வாட்ஸ் வரை 3 ஆம்பியர், அதற்கு மேல் 13 ஆம்பியர். பொருளுக்கேற்ற பியூஸ் போட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்; டேபிள் விளக்குக்கு 13 ஆம்பியர் பியூஸ் இருந்தால், ஒயர் சூடாகி உருகும் வரை அது போகாது.

இந்த இடத்தில் ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். டைப் ஜி சாக்கெட்டின் கீழ் இரண்டு துளைகளும் உள்ளே மூடியிருக்கும். மேலே உள்ள நீளமான எர்த் பின் நுழையும்போதுதான் திறக்கும். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் நம் ஆட்கள் மேல் துளையில் பேனாவையோ குச்சியையோ குத்தி, மூடியைத் திறந்து, நம் ஊர் இரண்டு பின் சார்ஜரைச் செருகிவிடுகிறார்கள். உருண்டைப் பின் சதுரத் துளையில் இறுகப் பிடிக்காது. லேசாகத் தொட்டுக்கொண்டு பொறி பறக்கும், சூடாகும், இரவு முழுக்கக் கட்டில் பக்கத்தில் அப்படியே இருக்கும். குழந்தைகளைக் காக்க வைத்த மூடியை நாமே திறந்துவிடுகிறோம். ஒரு நல்ல அடாப்டரின் விலை இந்த ஆபத்துக்கு ஈடாகாது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்பெயின், தென் கொரியா ஆகிய இடங்களில் டைப் எஃப். குழிவான வட்டச் சாக்கெட். எர்த், பக்கவாட்டில் இரண்டு உலோகப் பட்டைகளாக இருக்கும். பிரான்ஸில் டைப் இ. அங்கே எர்த் பின் சாக்கெட்டிலிருந்தே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இப்போது வரும் ஐரோப்பியப் பிளக்குகள் இந்த இரண்டுக்கும் பொருந்துமாறு செய்யப்படுகின்றன. நம் இரண்டு பின் சார்ஜர் பல இடங்களில் நுழையும், ஆனால் சார்ஜரின் உடல் சதுரமாக இருந்தால் அந்த வட்டக் குழிக்குள் முழுதாக இறங்காது. பின்னலாடை வாங்குவோரைச் சந்திக்கத் திருப்பூரிலிருந்து ஐரோப்பா போகிறவர்கள் பொதுவாக லேப்டாப்பும் போனும் மட்டும் கொண்டு போவதால், எர்த் உள்ள ஒரு டைப் எஃப் அடாப்டர் போதும். சுவிட்சர்லாந்தும் இத்தாலியும் தங்களுக்கென்று வேறு வடிவம் வைத்திருக்கின்றன. மெல்லிய இரண்டு பின் ஐரோப்பிய பிளக் அங்கேயும் நுழையும். அது 2.5 ஆம்பியர் மட்டுமே தாங்கும், சார்ஜரைத் தவிர வேறெதற்கும் வேண்டாம்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து டைப் ஐ. மேலே இரண்டு சாய்ந்த தட்டைப் பின். சீனாவிலும் கிட்டத்தட்ட அதுவே.

அமெரிக்கா, கனடாவில் இரண்டு தட்டைப் பின் டைப் ஏ, கூடவே உருண்டை எர்த் பின் இருந்தால் டைப் பி. ஜப்பானில் டைப் ஏ. இரண்டு தட்டைப் பின்களில் ஒன்று மற்றதைவிடச் சற்று அகலமாக இருக்கலாம், அதைத் திருப்பிச் செருக முடியாது. முடியவில்லை என்று அரத்தால் தேய்க்காதீர்கள். அமெரிக்கச் சமையலறையிலும் குளியலறையிலும் சாக்கெட்டின் நடுவே இரண்டு சிறு பொத்தான்கள் இருக்கும். மின்கசிவு ஏற்பட்டால் அது தானாக அணைந்துவிடும். புதிதாகப் போனவர்கள் சாக்கெட் கெட்டுவிட்டது என்று எண்ணுகிறார்கள். செருகியதைக் கழற்றிவிட்டு "ரீசெட்" பொத்தானை அழுத்தினால் திரும்ப வரும். மறுபடி மறுபடி அணைந்தால் கோளாறு பொருளில் இருக்கிறது.

எர்த்தை விட்டுவிடாத அடாப்டர்

கடையில் தொங்கும் "உலக அடாப்டர்"களில் பல, மூன்று பின் பிளக்கை வாங்கிக்கொண்டு மறுபக்கம் இரண்டு பின்னை மட்டும் நீட்டும். எர்த் நடுவிலேயே அறுந்துபோகிறது. செல்போன் சார்ஜருக்கு இது பரவாயில்லை. உலோக உடல் உள்ள கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றுக்கு இது ஆபத்து. உள்ளே ஒயரின் காப்பு தேய்ந்து உலோகத்தைத் தொட்டால், எர்த் இருக்கும்போது பியூஸ் போய் உயிர் தப்பும். எர்த் இல்லாவிட்டால், ஈரக் கையோடு மாவை வழிக்கிறவரின் உடல் வழியாக மின்சாரம் போகும்.

அதனால் அடாப்டரை வாங்கும்போது கடைக்காரரிடம் மல்டிமீட்டரை எடுக்கச் சொல்லுங்கள். நம் பிளக்கின் பெரிய பின் நுழையும் துளையில் ஒரு முனை, மறுபக்கத்தில் எர்த் பின் அல்லது பட்டையில் இன்னொரு முனை. "பீப்" சத்தம் வந்தால் எர்த் தொடர்கிறது. வராவிட்டால் அந்த அடாப்டர் சார்ஜருக்கு மட்டும்.

அடுத்து ஆம்பியர். அடாப்டரில் "6 ஆம்பியர்", "10 ஆம்பியர்" என்று பொறித்திருக்கும். பொருளின் வாட்ஸை அந்த நாட்டு வோல்டேஜால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 750 வாட்ஸ் மிக்ஸி 230 வோல்ட்டில் சுமார் 3.3 ஆம்பியர். 1,500 வாட்ஸ் கெட்டில் 6.5 ஆம்பியர்; 6 ஆம்பியர் அடாப்டர் அதற்குப் போதாது. எண்ணே பொறிக்காத அடாப்டரைக் கையில் எடுத்த வேகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பின்கள் பித்தளையா என்று அறிய ஒரு சிறு காந்தம் போதும். பித்தளை காந்தத்தில் ஒட்டாது, முலாம் பூசிய இரும்பு ஒட்டும். நம் பிளக்கை அதில் செருகி லேசாக ஆட்டிப் பாருங்கள். தளர்வாக இருந்தால் இன்னொன்று கேளுங்கள். தளர்ந்த இணைப்பில்தான் சூடும் பொறியும் வரும்.

ஒரே ஓர் அடாப்டர், அதில் நம் ஊர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று என்று கொண்டு போவது நல்ல யோசனை. அதில் நாலைந்து சார்ஜர்களைச் செருகலாம். கிரைண்டரையும் இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்துச் செருகக் கூடாது. அமெரிக்காவில் வாங்கிய, சர்ஜ் பாதுகாப்பு (வோல்டேஜ் திடீரென எகிறினால் தடுக்கும் அமைப்பு) உள்ள பவர் ஸ்ட்ரிப்பை 230 வோல்ட் நாட்டில் செருகினால் அது வெடித்துப் புகையும், அதையும் நினைவில் வையுங்கள்.

அடாப்டரே தேவைப்படாத வழி

லேப்டாப் சார்ஜரில் சுவரிலிருந்து கட்டை வரை வரும் ஒயர் தனியாகக் கழன்று வரும். கட்டையில் நுழையும் முனை மூன்று இதழ் கொண்டதாகவோ, எட்டு என்ற எண் வடிவிலோ, கம்ப்யூட்டர் ஒயர் போலவோ இருக்கும். இந்த முனைகள் உலகம் முழுக்க ஒன்றுதான். போன ஊரில் அந்த ஊர் பிளக் உள்ள ஒயரை மட்டும் வாங்கி மாற்றிவிட்டால் அடாப்டர் வேண்டாம், எர்த் உள்ள ஒயர் என்றால் எர்த்தும் முழுதாக இருக்கும். நீண்ட நாள் தங்குகிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை.

கிரைண்டர் போல ஒயர் கழலாத பொருளை டைப் ஜி அல்லது டைப் ஐ நாடுகளில் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், பழைய பிளக்கை வெட்டிவிட்டு அந்த ஊர் பிளக் டாப்பைப் பொருத்திவிடுவதே முறை. தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். ஒயர் நிறத்தை அவரிடம் வாயால் சொல்லுங்கள், ஏனென்றால் நிறம் நாட்டுக்கு நாடு மாறும். நம் பழைய பொருட்களில் சிவப்பு லைன் (மின்சாரம் வரும் ஒயர்), கறுப்பு நியூட்ரல் (திரும்பும் ஒயர்), பச்சை எர்த். புதியவற்றிலும் ஐரோப்பாவிலும் பழுப்பு லைன், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். அமெரிக்காவிலோ கறுப்புதான் லைன், வெள்ளை நியூட்ரல். நம் கறுப்பும் அவர்கள் கறுப்பும் ஒன்றென்று சேர்த்துவிட்டால் பொருள் ஓடும். ஆனால் ஸ்விட்சை அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் நிற்கும். கழுவத் தூக்கும்போது கையில் அடிக்கும்.

அப்புச்சியும் அம்மாயியும் போகும்போது

பேரக்குழந்தையைப் பார்க்க அமெரிக்காவுக்கு ஆறு மாதம் போகும் பெரியவர்களின் பெட்டியில் கிரைண்டரைவிட முக்கியமான ஒன்று இருக்கும்: மருத்துவக் கருவி. இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. ஆஸ்துமாவுக்கு ஆவி பிடிக்கும் நெபுலைசரில் கம்ப்ரஸர் மோட்டார் இருக்கிறது. இங்கே வாங்கிய பலவற்றின் தகட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று மட்டுமே இருக்கும். 120 வோல்ட்டில் அது தேவையான காற்றைத் தள்ளாது. நள்ளிரவில் மூச்சுத் திணறும்போது தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இல்லை இது. 100-240 வோல்ட்டில் ஓடும் மாடலையோ, பேட்டரியில் ஓடும் சிறிய நெபுலைசரையோ டாக்டரிடம் கேட்டுப் புறப்படும் முன்பே வாங்கிவிடுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைக்கு மாட்டும் சிபாப் கருவிகளின் பவர் கட்டை பெரும்பாலும் 100-240 வகை. இருந்தாலும் லேபிளைப் பாருங்கள். காது கேட்கும் கருவியின் சார்ஜர், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் அடாப்டர் ஆகியவற்றையும் ஒரு முறை கவிழ்த்துப் பார்க்க வேண்டும். நெபுலைசரையும் சிபாப்பையும் கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள், செக்-இன் பெட்டியில் போடாதீர்கள்.

பவர் பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும். 100 வாட்-அவர் வரை, அதாவது சுமார் 27,000 எம்.ஏ.எச். வரை, தனி அனுமதி தேவையில்லை. மிக்ஸி பிளேடு கைப்பையில் கூடாது. கிரைண்டர் கல்லைத் துணியில் சுற்றி டிரம்முக்குள் அசையாமல் வைத்துக் கட்டுங்கள். சிறிய டேபிள்-டாப் கிரைண்டரே பத்துக் கிலோவைத் தாண்டும். 23 கிலோ பெட்டியில் பாதியை அது எடுத்துக்கொள்ளும் என்பதைக் கணக்கில் வைத்து மற்றதை அடுக்குங்கள்.

திரும்பி வரும்போது

அமெரிக்காவிலிருந்து வரும்போது ஆசையாக வாங்கி வரும் காபி மேக்கர், பிளெண்டர், ஹேர் டிரையர் எல்லாம் 120 வோல்ட். இந்தத் திசையில் ஆபத்து பல மடங்கு. 1,500 வாட்ஸ் ஹேர் டிரையரை நம் 230 வோல்ட்டில் செருகினால் 5,500 வாட்ஸ் இழுக்க முயலும். சில நொடிகளில் கம்பி உருகிவிடும், பக்கத்தில் துணி இருந்தால் தீப்பிடிக்கும். அன்பளிப்பாகக் கொடுத்தவர் பக்கத்தில் இருந்து சொல்ல மாட்டார், பெட்டியைப் பிரித்த பெரியவர்களுக்கு எந்த எச்சரிக்கையும் கண்ணில் படாது. கொடுக்கும்போதே வோல்டேஜை ஒரு காகிதத்தில் தமிழில் எழுதிப் பிளக்கின் மேல் சுற்றி ஒட்டிக் கொடுங்கள். 230-ஐ 110 ஆக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் கோயம்புத்தூரில் கிடைக்கும். சிறிய பொருளுக்கு அது சரி, ஹேர் டிரையருக்கு வாங்குவது வீண்செலவு.

துபாயிலிருந்தோ குவைத்திலிருந்தோ வரும் இஸ்திரிப் பெட்டிக்கு இந்தக் கவலை இல்லை. சதுரப் பின்னை வெட்டிவிட்டு நம் 16 ஆம்பியர் பிளக் டாப்பைப் போட்டுவிடுங்கள். எந்தப் பிளக்கையும் ஏற்கும் "யுனிவர்சல் சாக்கெட்"டில் அதை நேராகச் செருகி ஓட்ட வேண்டாம். எல்லா வடிவத்துக்கும் துளை விட்ட அந்தச் சாக்கெட், கனத்த பின் எதையும் இறுகப் பிடிப்பதில்லை. சவூதியிலிருந்து வருவதாக இருந்தால் தகட்டில் 127 வோல்ட் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு செருகுங்கள்.